வீட்டில் ஒருவர் படுக்கையில் இருக்கும்போது சனி ஞாயிறு வெளியே போவது எப்படி?

சன்னலோரம்:

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து படுக்கைதான். வலது கையும் காலும் அசையாது, பேச்சு பாதிதான் புரியும். பகலில் கொஞ்ச நேரம் உதவிக்கு ஒரு பெண் வந்து போகிறார், மற்ற நேரமெல்லாம் நான். அடுத்த மாதம் ஒரு சனி ஞாயிறு தோழிகள் எல்லோரும் மலைப்பக்கம் போவதாக இருக்கிறார்கள், என்னையும் கூப்பிட்டார்கள். அக்கா வந்து இருக்கிறேன் என்றுவிட்டாள். வீட்டுக்காரரும் போயிட்டு வா என்கிறார். மறுக்க ஒரு காரணம்கூட இல்லை, அதுதான் எனக்குத் தொல்லையாக இருக்கிறது. யாராவது முடியாது என்று சொல்லியிருந்தால் நிம்மதியாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வேலையைப் பார்த்திருப்பேன்.

முன்பு ஒரு இரவு இப்படி வெளியே தங்கியிருக்கிறேன். அக்கா போனை எடுக்கவில்லை என்றால் வயிற்றைக் கலக்கும். எடுத்தால், அம்மாவை எந்தப் பக்கம் திருப்பிப் படுக்க வைத்திருக்கிறாய், தலையணை எங்கே இருக்கிறது என்று ஒரே விசாரணை. கடைசியில் அவள், "என்மேல நம்பிக்கை இல்லேன்னா எதுக்கு என்னைக் கூப்பிட்டே?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.

இப்படி ஒருவரைப் பார்த்துக்கொள்பவர்கள் வெளியே போகிறீர்களா? போனால் உண்மையிலேயே ஓய்வு கிடைக்கிறதா, இல்லை கவலைப்படும் இடம் மட்டும் மாறுகிறதா?

தூங்காதவன்:

இடம் மட்டும்தான் மாறுகிறது. ஆனாலும் போங்கள்.

அப்பாவுக்கு மறதி நோய். பகலெல்லாம் ஓரளவு நன்றாக இருப்பார், பொழுது சாய்ந்தால் ஆரம்பித்துவிடும். "நேரமாச்சு, வீட்டுக்குப் போகணும்" என்று செருப்பைத் தேடுவார். இருப்பது அவரே கட்டிய வீடு. தாழ்ப்பாளை இழுத்து இழுத்துப் பார்ப்பார். இதை மருத்துவர்கள் 'சன்டவுனிங்' என்கிறார்கள். பெயர் தெரிந்து என்ன பயன், ஆறு மணி ஆனால் வாசலில் நாம்தான் நிற்க வேண்டும்.

விட்டுவிட்டுப் போகத்தானே மனசு வரவில்லை, கூடவே கூட்டிக்கொண்டு போகலாம் என்று ஒரு தடவை முயற்சி செய்தேன். ராத்திரி எழுந்தவர், அறையில் இருந்த அலமாரியைத் திறந்துகொண்டு அதன் முன்னால் நின்றார். கழிவறைக் கதவு என்று நினைத்திருக்கிறார். உள்ளே மாட்டியிருந்த என் சட்டையைப் பார்த்ததும், "யாரோ உள்ள இருக்காங்க" என்று கதவை மரியாதையாகச் சாத்திவிட்டுக் காத்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அதற்கப்புறம் அவரை இடம் மாற்றுவதில்லை. தம்பி வந்து இருப்பான், நான் போவேன்.

எண்கணக்கு:

சன்னலோரம் கேட்டதை ஆராய்ச்சியாகவே செய்திருக்கிறார்கள். நெதர்லாந்தில் 1,500 பேருக்கு மேல் எடுத்துச் செய்த ஆய்வு ஒன்று 2010-இல் வந்தது. விடுமுறைக்குப் போகிறவர்கள் போகாதவர்களைவிட அதிக மகிழ்ச்சியாக இருந்தது போவதற்கு முந்தைய நாட்களில். திரும்பி வந்தபிறகு பெரும்பாலோருக்கு வித்தியாசமே தெரியவில்லை. மிகமிக நிதானமாக ஓய்வெடுத்தோம் என்று சொன்னவர்களுக்கு மட்டும் கொஞ்ச நாள் அந்தப் பலன் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆய்வு நம்மைப் போன்றவர்களை மட்டும் வைத்துச் செய்ததல்ல, பொதுவான ஆட்கள். அவர்களுக்கே இப்படி என்றால், கிளம்பும் முந்தின நாள் வரை மருந்துச் சீட்டு எழுதிக்கொண்டிருக்கிற நமக்கு அந்த முன்மகிழ்ச்சியும் கிடைக்காது.

இன்னொன்று. 2016-இல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் தூக்கத்தைப் பற்றிச் செய்த ஆய்வு. புதிய இடத்தில் முதல் இரவு தூங்கும்போது மூளையின் ஒரு பாதி, பெரும்பாலும் இடது பாதி, மற்றதைவிட விழிப்பாக இருக்கிறதாம். சின்னச் சத்தத்துக்கும் அந்தப் பாதி திரும்பிப் பார்க்கிறது. ஆகவே ஒரே ஒரு இரவு போய்விட்டு வந்து "தூக்கமே வரவில்லை, போனதே வீண்" என்று சொல்வதில் அர்த்தமில்லை. போனால் இரண்டு இரவு போக வேண்டும், இல்லாவிட்டால் வீட்டிலேயே வேறு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கலாம். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்.

தூங்காதவன்:

பாதி மூளை விழித்திருக்க எனக்குப் புது இடம் வேறு தேவையா?

ஒற்றைஆள்:

நல்ல பேச்சு. சன்னலோரத்துக்கு அக்கா இருக்கிறார், தூங்காதவனுக்குத் தம்பி இருக்கிறார். யாருமே இல்லாதவர்கள் என்ன செய்வது? நான் ஒரே பிள்ளை. சனிக்கிழமை என்றால் எனக்கு உதவிக்கு வருபவரின் விடுமுறை நாள், அவ்வளவுதான். மற்ற நாளைவிட வேலை அதிகம். "வீக்எண்டு என்ன பிளான்" என்று அலுவலகத்தில் கேட்கிறவர்களுக்கு இப்போதெல்லாம் பதிலே சொல்வதில்லை.

எண்கணக்கு:

நீங்கள் சொல்வதில் ஒரு வேடிக்கை இருக்கிறது, வருத்தமான வேடிக்கைதான். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1921-லேயே தொழிற்சாலைகளுக்கு ஒரு உடன்படிக்கை போட்டது. ஏழு நாளில் தொடர்ச்சியாக 24 மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும் என்று. 2011-இல் வீட்டு வேலை செய்பவர்களுக்கும் அதே 24 மணி நேரத்தைச் சொல்லி இன்னொரு உடன்படிக்கை வந்தது. உங்கள் உதவியாளரின் சனிக்கிழமைக்குப் பின்னால் அந்த நியாயம் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். அதே வேலையைச் சம்பளம் இல்லாமல் செய்கிற மகனுக்கும் மகளுக்கும் அந்த உடன்படிக்கைகளில் ஒரு வரியும் கிடையாது.

ஒற்றைஆள்:

இதைக் கேட்டு எனக்குக் கோபம் குறையவில்லை, ஆனால் காரணம் தெரிந்தது.

வெள்ளைச்செருப்பு:

பல வருடம் வார்டில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஷிப்ட் முடிந்து போகும்போது அடுத்தவரிடம் நோயாளிகளை ஒப்படைக்காமல் நாங்கள் வாசலைத் தாண்ட மாட்டோம். ஒவ்வொரு படுக்கையாக நின்று சொல்லிவிட்டுத்தான் போவோம். வீட்டில் அந்த வழக்கமே இல்லை. "பார்த்துக்கோ" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, மற்றதையெல்லாம் தலையில் சுமந்துகொண்டு கிளம்புகிறீர்கள். அப்புறம் எப்படி மனசு இறங்கும்?

சன்னலோரம், அம்மாவுக்கு நான் எழுதுவதாக இருந்தால் இப்படி எழுதுவேன். பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைப்பது. காற்று மெத்தை இருந்தால் இடைவெளியைக் கொஞ்சம் கூட்டலாம், எவ்வளவு என்று உங்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். திருப்பும்போது வால் எலும்புப் பக்கம், இடுப்பெலும்பு, குதிகால் இந்த மூன்று இடத்தையும் பார்க்கணும். சிவந்திருந்தால் விரலால் அழுத்தி எடுங்கள். அழுத்தின இடம் வெளுத்துவிட்டு மறுபடி சிவந்தால் அவசரமில்லை. வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் புண் ஆரம்பிக்கிறது, அந்த இடத்தில் பாரம் விழாமல் படுக்க வைக்கணும், எங்களைப் போன்ற யாரையாவது கூப்பிடணும். கறுப்புத் தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது, அங்கே சூடும் கெட்டித்தன்மையும் தொட்டுப் பார்த்துத்தான் தெரியும். இதை அக்காவுக்கு வாயால் சொன்னால் போதாது, அவர் விரலை அம்மா குதிகாலில் வைத்து நீங்களே ஒரு தடவை அழுத்திக் காட்டுங்கள்.

சாப்பாடு கொடுக்கும்போது நிமிர்ந்து உட்கார்ந்திருக்கணும், கொடுத்த பிறகும் அரை மணி நேரம் சாய்ந்தாற்போல் உட்கார்ந்தே இருக்கணும். பக்கவாதம் வந்தவர்களில் பலருக்கு விழுங்குவதில் சிரமம் இருக்கும், படுத்தபடியே கொடுத்தால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடலாம். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவராக இருந்து சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால், விழிப்பாக இருந்து விழுங்க முடிகிறது என்றால் மட்டும் 15 கிராம் சர்க்கரை கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்கணும். நினைவு இல்லாதவர் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது. அந்த நேரம் ஆம்புலன்ஸ்தான், தங்கைக்குப் போன் அப்புறம்.

இவ்வளவும் ஒரு பக்கத் தாளில் அடங்கிவிடும். மிச்சம் இருப்பது அக்காவின் விருப்பம். தலையணை உறை எந்த நிறம், டிவி எந்தச் சானல் என்பதையெல்லாம் எழுதாதீர்கள்.

சன்னலோரம்:

வெள்ளைச்செருப்பு அம்மா, இதற்கு முன்னால் ஒருவரும் எனக்கு விரலால் அழுத்திப் பார்க்கச் சொன்னதில்லை. இன்றைக்கே பார்த்தேன். வெளுத்தது.

மூன்றாவதுமகன்:

நான் மற்ற பக்கத்திலிருந்து எழுதுகிறேன். திட்டுவீர்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

அண்ணனும் அண்ணியும் அப்பாவைப் பார்த்துக்கொள்கிறார்கள், நான் வேலை காரணமாக வேறு ஊரில் இருக்கிறேன். வெள்ளி ராத்திரி பஸ் ஏறி, ஞாயிறு ராத்திரி திரும்புவேன். எல்லா வாரமும் முடியாது, முடிகிறபோது. அவர்கள் இரண்டு பேரும் எங்காவது போய்விட்டு வரட்டும் என்பதற்காகத்தான் வருகிறேன். ஆனால் போகமாட்டார்கள். நான் அப்பாவுக்குச் சவரம் செய்ய உட்கார்ந்தால் அண்ணன் பின்னால் நிற்பார். "அந்தப் பக்கம் இழுக்காதே, அவருக்கு எரியும்." அப்பா ஒன்றுமே சொல்லவில்லை, அண்ணனுக்குத்தான் எரிகிறது. மருந்து டப்பாவை நான் தொட்டால் அண்ணி வந்து மறுபடி எண்ணிப் பார்ப்பார். கடைசியில் நான் வந்ததால் அவர்களுக்கு ஒரு விருந்தாளியைக் கவனிக்கிற வேலைதான் கூடுகிறது. அப்புறம் சொந்தக்காரர்களிடம், "அவனுக்கு என்ன, வந்து பார்த்துட்டுப் போயிடுவான்" என்று பேச்சு.

தூங்காதவன்:

சரி, திட்டிவிடுகிறேன். வாரக்கடைசியில் வந்து, "அப்பா போன தடவையைவிட நல்லா இருக்காரே" என்று சொல்கிறவர்கள் ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் உண்டு. விருந்தாளி வந்தால் அப்பாவும் பளிச்சென்று பேசுவார், அது மறதி நோயில் சகஜம். இரண்டு மணி நேரம் சமாளித்துவிட்டு, அவர்கள் கிளம்பியதும் எங்களிடம் மொத்தமாகத் தீர்ப்பார். "நீங்க பெரிசு பண்றீங்க" என்ற ஒரு வாக்கியத்தைக் கேட்டவர்களுக்குத்தான் மருந்து டப்பாவை ஏன் மறுபடி எண்ணுகிறார்கள் என்று புரியும்.

மூன்றாவதுமகன்:

நான் அப்படிச் சொன்னதில்லை.

தூங்காதவன்:

நீங்கள் சொல்லியிருக்க மாட்டீர்கள். யாரோ சொன்னதன் கோபம் உங்கள்மேல் இறங்குகிறது. அண்ணன் பின்னால் நிற்பதும் அப்படித்தான் இருக்கும். என் தம்பி என்ன செய்தான் தெரியுமா? சனிக்கிழமை காலை வந்து, என்னை வாசலில் விட்டுத் தாழ்ப்பாள் போட்டான். "சாயங்காலம் ஏழு மணிக்கு வா, அதுக்கு முன்னாடி வந்தா திறக்கமாட்டேன்." சன்டவுனிங் நேரத்தை அவனே பார்க்க வேண்டும் என்று பிடிவாதம். அன்றைக்கு நான் எங்கும் போகவில்லை. தெருமுனையில் ஒரு திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். ஏழு மணிக்கு அவன் முகத்தைப் பார்த்தபோது எனக்கு ஒரு அற்பச் சந்தோஷம் வந்தது, மறைக்க மாட்டேன். அன்றிலிருந்து அவன் "நல்லா இருக்காரே" என்று சொல்வதில்லை, நானும் பின்னால் நிற்பதில்லை.

நாற்காலிக்காரி:

இத்தனை பேர் பேசிவிட்டீர்கள், எங்கள் கட்சியில் ஒரு ஆளைக் காணோம். முதுகுத்தண்டில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை எனக்கு. கணவர் பார்த்துக்கொள்கிறார். நன்றாகவே பார்த்துக்கொள்கிறார், குறையில்லை.

அவர் வெளியூர் போகிறபோது என் தோழி வந்து இருப்பாள். அவளுக்கு என்னைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்ற இரண்டு மடங்கு நேரம் ஆகும். நான் சறுக்கி மாற இரண்டுக்கும் நடுவே போடும் பலகையைச் சரியாக வைக்கத் தெரியாது, நான்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஆனால் அவள் ராத்திரி பன்னிரண்டு மணி வரை என்னைப் படுக்கச் சொல்லமாட்டாள். அவர் இருந்தால் ஒன்பதரைக்கு விளக்கு அணைந்துவிடும், அடுத்த நாள் அவருக்கு வேலை. அவர் போன இரண்டு நாளும் எனக்கும் லீவுதான் என்று ஒரு தடவை சொன்னேன். கொஞ்சம் அடிபட்டதுபோல் பார்த்தார். அப்புறம் சிரித்துவிட்டார்.

சன்னலோரம், அம்மாவிடம் கேட்டீர்களா?

சன்னலோரம்:

பேச்சு வராதவரிடம் எப்படிக் கேட்பது? கேட்டு, வேண்டாம் என்று தலையாட்டிவிட்டால்?

வெள்ளைச்செருப்பு:

பேச்சு வராது என்பதால் புரியாது என்று அர்த்தமில்லை. பக்கவாதத்தில் பலருக்குச் சொல்ல வருவதைவிடக் கேட்டுப் புரிந்துகொள்வது நன்றாக இருக்கும். ஆமாம், இல்லை என்று பதில் வருகிற மாதிரி சின்னக் கேள்வியாக, ஒன்றொன்றாகக் கேளுங்கள். டிவியை அணைத்துவிட்டுக் கேளுங்கள். கேட்டுவிட்டுப் பொறுங்கள், நாம் நினைப்பதைவிட அதிக நேரம் பிடிக்கும். அதற்குள் நாமே அவருக்காகப் பதில் சொல்லிவிடுவதுதான் வழக்கம்.

வேண்டாம் என்றால் என்ன செய்வது என்பதை அப்புறம் யோசிக்கலாம். வேண்டாம் என்று சொல்ல அவருக்கும் உரிமை இருக்கிறது, போய்விட்டு வருகிறேன் அம்மா என்று சொல்ல உங்களுக்கும் இருக்கிறது.

எண்கணக்கு:

போகவா வேண்டாமா என்று இன்னும் ஊசலாடுகிறவர்களுக்கு ஒரு தகவல் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்கிறேன். 1995-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. மறதி நோய் வந்த உறவினரைப் பார்த்துக்கொள்ளும் 13 பெண்களுக்கும், அதே வயதில் அந்தப் பொறுப்பு இல்லாத 13 பெண்களுக்கும் கையில் ஒரே அளவு சின்னக் காயம் செய்து, எத்தனை நாளில் ஆறுகிறது என்று பார்த்தார்கள். பார்த்துக்கொள்கிறவர்களுக்குச் சராசரியாக ஒன்பது நாள் அதிகம் ஆனது. சின்ன ஆய்வுதான், 26 பேரை வைத்து உலகத்துக்கே தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் "சோர்வெல்லாம் மனசில்தான்" என்று யாராவது உங்களிடம் சொன்னால், இதைச் சொல்லுங்கள்.

ஒற்றைஆள்:

எனக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. 24 மணி நேரம் கிடையாது, சரி. இரண்டு மணி நேரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம்?

நாற்காலிக்காரி:

எந்த இரண்டு மணி நேரம் என்று முன்கூட்டியே தெரிந்தால் நிறையச் செய்யலாம். என் கணவர் புதன்கிழமை சாயங்காலம் போய்விடுவார். எங்கே என்று நான் கேட்பதில்லை. யார் வந்து இருப்பது, எத்தனை மணி என்பது மாறவே மாறாது. "என்றைக்காவது நேரம் கிடைத்தால் போகலாம்" என்று வைத்திருந்த காலத்தில் அவர் ஒரு தடவைகூடப் போனதில்லை. பக்கத்து வீட்டில், தெரிந்தவர் வீட்டில், வாரத்தில் ஒரு நாள் வந்து சும்மா உட்கார்ந்திருக்க ஒரு ஆளைக் கேளுங்கள். தூக்க வேண்டாம், மருந்து கொடுக்க வேண்டாம், உட்கார்ந்திருந்தால் போதும் என்று சொல்லிக் கேளுங்கள். "ஏதாவது உதவி வேணும்னா சொல்லுங்க" என்று சொன்னவர்கள் உங்களுக்கும் நாலு பேர் இருப்பார்கள். இவ்வளவுதான் வேலை என்று அளந்து கேட்டால் அவர்களில் ஒருவராவது வருவார்.

ஒற்றைஆள்:

இருக்கிறார்கள். கேட்டதில்லை. யோசிக்கிறேன்.

சன்னலோரம்:

முடிவு செய்துவிட்டேன். எண்கணக்கு சொன்னபடி இரண்டு இரவு. வெள்ளி சாயங்காலம் கிளம்பி ஞாயிறு மதியம் திரும்புகிறேன்.

அம்மாவிடம் கேட்டேன். டிவியை அணைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, "அக்கா வந்து இருப்பா, நான் ரெண்டு நாள் வெளியே போயிட்டு வரட்டுமா?" என்றேன். ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. நான் எழுந்திருக்கப் போன சமயத்தில் இடது கையைத் தூக்கி, போ போ என்று விரட்டுவதுபோல் காட்டினார். என்னைச் சின்ன வயதில் விளையாட அனுப்புகிறபோதும் அதே கைதான், அதே எரிச்சல்தான். இதை அனுமதி என்று எடுத்துக்கொள்வதா, தொல்லை விட்டது என்று எடுத்துக்கொள்வதா தெரியவில்லை. நாற்காலிக்காரி சொன்னதை நினைத்துக்கொண்டேன்.

அக்காவோடு உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதினோம். அவள் ஒரு நிபந்தனை போட்டாள், நான் போன் செய்யக் கூடாது. அவளே ராத்திரி எட்டு மணிக்கு ஒரு செய்தி அனுப்புவாள். மூன்று விஷயத்துக்கு மட்டும் எந்த நேரமும் கூப்பிடுவாள்: காய்ச்சல், விழுங்க முடியாமல் போவது, அம்மா வழக்கத்துக்கு மாறாக மந்தமாவது. மற்றதெல்லாம் அவள் பாடு. அம்மாவுக்கு ஜன்னல் பக்கம் தலை வைத்துப் படுக்க வைக்கப் போகிறாளாம். எனக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை, சாயங்கால வெயில் கண்ணில் அடிக்கும். சொல்லவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

தூங்காதவன்:

ஒரு திரைச்சீலை வாங்கிப் போட்டுவிட்டுப் போங்கள். சொன்னதாகவும் ஆகாது, வெயிலும் அடிக்காது.

மூன்றாவதுமகன்:

அக்காக்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

வெள்ளைச்செருப்பு:

திரைச்சீலை இருக்கட்டும். அந்தத் தாளில் வலது கையைப் பற்றி எழுதினீர்களா? திருப்பும்போதும் உட்கார வைக்கும்போதும் அசையாத கையைப் பிடித்து இழுக்கவே கூடாது, அக்குளில் கை கொடுத்தும் தூக்கக் கூடாது. தோளைப் பிடித்து நிறுத்துகிற தசைகள் தளர்ந்திருப்பதால் மூட்டு இறங்கிவிடும், அப்புறம் வலி மாதக்கணக்கில் நிற்கும். தோள்பட்டைக்குப் பின்னாலும் இடுப்பிலும் கை வைத்துத் திருப்பணும். வலது பக்கம் மேலே இருக்கும்படி படுக்க வைத்தால் அந்தக் கைக்கு முன்னால் ஒரு தலையணை.

சன்னலோரம்:

எனக்குக் கை பழகிவிட்டதால் எழுதத் தோன்றவில்லை. இப்போது சேர்த்துவிட்டேன். அக்கா வியாழக்கிழமையே வருகிறாள், அவளே ஒரு தடவை திருப்பிப் பார்க்கட்டும். நான் அடுத்த அறையில் இருக்கிறேன்.